சூடு ஆறாத இடம்

மத்தியானச் சோற்றுக்கு மணி அடித்ததும் பவர்டேபிள் தையல் வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள்; பூவாத்தாள் மட்டும் எழவில்லை. கால் மரத்துப் போயிருக்கும் என்றுதான் முதலில் அவளும் நினைத்தாள். ஆனால் விரல்களை மடக்க முடிந்தது, முழங்காலை ஆட்ட முடிந்தது, செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொள்ளவும் முடிந்தது. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை, மேசை விளிம்பைப் பிடித்து உந்தியபோது மேசைதான் விலகிப் போனது. பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் உள்ளே பேசி முடித்துவிட்டு, சம்பந்தப்பட்டவளுக்குச் சொல்லாமல் வெளியே வந்து உட்கார்ந்திருப்பதைப் போல, அந்த இரும்பு ஸ்டூலுக்கும் தன் உடம்புக்கும் நடுவே ஏதோ முடிவாகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

பக்கத்து மெஷின் ஜெயக்கொடி சோற்றுத் தூக்குப்போசியோடு வந்து நின்றாள்.

“வாங்க்கா, கொழம்பு ஆறிப்போவுது.”

“எந்திரிக்க முடியல ஜெயா.”

“ஏனுங்க்கா, கால் புடிச்சுக்கிச்சா?”

“காலு நல்லாத்தான் இருக்குது. நாந்தான் வரமாட்டேங்கறேன்.”

அயர்ன் டேபிளிலிருந்து ஆண்கள் வந்து அவள் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினார்கள். பிறகு பண்டல் இறக்கும் லோடுமேன்கள் வந்து இடுப்பில் கயிறு போட்டு இழுத்தார்கள். பிறகு மாடிக்கு மெஷின் ஏற்றுகிற சங்கிலிக் கப்பியைக் கொண்டுவந்து உத்தரத்தில் மாட்டி இழுத்தார்கள், உத்தரம்தான் வளைந்தது, அவள் வளையவில்லை, நகரவில்லை, ஸ்டூலின் கால்கள் சிமெண்ட் தரைக்குள் கட்டைவிரல் தடிமனுக்கு இறங்கியிருந்ததைக் கடைசியில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு மற்றவர்களுக்குக் காட்டினார். யாரும் ஆச்சரியப்படவில்லை. தூக்க வந்தவர்களுக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். சூப்பர்வைசர் கந்தவேல் கையிலிருந்த ஸ்கேலால் மேசையைத் தட்டி, சோறு தின்றவர்கள் உட்காரலாம் என்றான். பூவாத்தாளுக்கும் ஒரு பண்டல் வந்தது. கை சும்மா இருந்ததால் அவள் தைத்தாள்.

அந்தப் பனியன் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. சூடு ஆறிய ஸ்டூல் யாருக்கும் சொந்தமில்லை. காய்ச்சலில் படுத்தாலும் பிள்ளை பெறப் போனாலும் சாவு வீட்டுக்குப் போனாலும், காலை மணிக்கு முன்னால் தன் வீட்டிலிருந்து ஒருத்தியை அனுப்பி அந்த ஸ்டூலில் உட்கார வைத்துவிட வேண்டும். வந்தவளுக்குத் தையல் தெரிய வேண்டும் என்பதில்லை, உட்காரத் தெரிந்தால் போதும். இதற்கு இடம் காப்பது என்று பெயர். முதலாளி போட்ட சட்டம் இல்லை இது. ரயில் இறங்கி வந்த புதுப் பெண்கள் கேட்டுக்கு வெளியே கூட்டமாக நின்ற ஒரு காலத்தில், உள்ளே இருந்தவர்கள் பயந்துபோய்த் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டது. பயம் போய்விட்டது, வழக்கம் தங்கிவிட்டது. கண் தெரியாத மாமியார் ஒருத்தி மருமகளின் பிரசவத்துக்காக மாதக்கணக்கில் வந்து உட்கார்ந்து, கடைசியில் ஓசையை வைத்தே எந்த மெஷினில் நூல் அறுந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். “எந்திரிச்சா எடம் போச்சு” என்று கந்தவேல் லைனுக்கு லைன் சொல்லிக்கொண்டு நடப்பான். அதைக் கேட்டுக் கேட்டு அது ஒரு மிரட்டல் என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

பூவாத்தாளுக்கு இடம் காக்க யாரும் வந்ததில்லை. புருசனின் காரியம் முடிந்த கையோடு வந்து உட்கார்ந்தவள் அவள். மகள் சங்கவி அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காய்ச்சலோடு வந்தாள், மழையில் நனைந்த சேலையோடு வந்தாள், சொந்த அண்ணன் சாவுக்கு மாலை மணி அடித்த பிறகே போனாள். ஒன்றுக்குப் போவதென்றால் கந்தவேலிடமிருந்து அனுமதிக்கு அடையாளமாக ஒரு மரக்கட்டையை வாங்கிக்கொண்டு போக வேண்டும், லைனுக்கு ஒரே கட்டைதான், ஆகவே அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். கத்திரி கீழே விழுந்தால் குனிய வேண்டும் என்று அதைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வெட்டிய துணி தானாகக் கைக்கு வந்தது, தைத்த துணி தானாகக் கையை விட்டுப் போனது, எழுந்திருக்க வேண்டிய காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின. முதலில் மோதிரம் இறுகியது, பிறகு ரவிக்கையின் கை, பிறகு பாவாடை நாடா, பிறகு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் பொறுமை. உடம்பு கூடக்கூட அவள் தின்பதைக் குறைத்தாள், தின்பதைக் குறைக்கக் குறைக்க உடம்பு கூடியது. லைனில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான். அரைவயிற்றோடு கனத்துப் போவது எப்படி என்று அவர்கள் யாரையும் கேட்டதில்லை. கேட்க ஆளும் இல்லை.

அன்று மாலை சங்கவி ஓட்டப் பயிற்சி முடிந்த வியர்வையோடு மாடியேறி வந்தாள். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்துக்காகக் காத்திருந்தவள் அவள். காலையும் மாலையும் அரசுப் பள்ளி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, ஓடாத நேரத்தில்கூடக் குதிகால் தரையில் படாமல் நடக்கிற பெண். அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு முக்கிப் பார்த்தாள். பிறகு அவள் காலடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கியிருந்த பாதங்களை மடியில் வைத்துக்கொண்டாள்.

“வலிக்குதாம்மா?”

“இல்ல சாமி. நீ போயி ஆக்கித் தின்னு. தோசை மாவு புளிச்சிருக்கும், ஊத்தப்பமா ஊத்திக்க.”

மறுநாளிலிருந்து கம்பெனி அவளைச் சுற்றி ஒழுங்குபட்டுக்கொண்டது. வெல்டிங் பட்டறைக்காரர் வந்து ஸ்டூலின் நடுவில் ஓட்டை அறுத்துக் கொடுத்தார். பெண்கள் சேலையைக் கட்டி மறைப்புப் போட்டார்கள். ஜெயக்கொடி காலையில் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, தலை வாரிப் பூ வைத்தாள். வாட்ச்மேன் சம்சாரம் இரவில் துணைக்குப் படுத்துக்கொண்டாள். பூவாத்தாள் தைப்பது முன்பைவிடக் கூடியிருந்ததால் மேலே இருந்தவர்கள் எதுவும் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து ஆர்டர்காரர் பார்வையிட வந்த நாளில் அவள்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, சுற்றி அட்டைப் பெட்டிகளை அடுக்கி, இருமக்கூடாது என்று சொல்லிவைத்தார்கள். அவர் நடந்து களைத்து அந்தக் குவியலின்மேல் கையை ஊன்றி நின்றார். மூட்டை வெதுவெதுப்பாக இருக்கிறது, காற்றோட்டம் வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். மறுநாள் அங்கே ஒரு மின்விசிறி மாட்டினார்கள்.

கொஞ்ச நாளில் ஸ்டூல் காலில் யாரோ மஞ்சள் கயிறு கட்டினார்கள். கடைசி மெஷின்காரி தேங்காயோடு வந்தாள்.

“எம்பட மருமவ வீட்ல தங்கறதே இல்லீங்க்கா. சித்தெ ஒரு வாக்குச் சொல்லுங்க.”

“எம்பட நெலம அவளுக்கும் வரோணும்னா கேக்கறே? தேங்கா இருக்கட்டும், முதுவு சொறிஞ்சு வுடு.”

சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொரு மணிக்கும் முன்னால், யாரும் பார்க்காதபோது, லைன் முழுக்கப் பெண்கள் உள்ளங்கையை மேசையில் ஊன்றிப் பாதி எழுந்து பார்த்தார்கள். எழ முடிந்தது என்று தெரிந்ததும் உட்கார்ந்து, முகத்தில் எதுவும் காட்டாமல் மெஷினை மிதித்தார்கள்.

டாக்டர் ஒருவரையும் கூட்டிவந்தார்கள். இளவயதுக்காரர், பொறுமையானவர். கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார்.

“ஒரே இடத்தில உட்கார்ந்தே இருந்தா எடை கூடத்தாம்மா செய்யும். மூச்சு வாங்குதில்ல? இதயம் இத்தனை பாரத்தை இழுக்குது. தினம் காலையில கொஞ்ச நேரம் நடங்க. கை வீசி நடக்கணும்.”

“சரிங் சார்,” என்றாள் பூவாத்தாள்.

மாடிப்படியில் இறங்கும்போது அவர் சங்கவியைத் தனியாக நிறுத்தி, ரொம்ப நாள் தாங்காது என்று சொன்னார். அதைச் சங்கவி அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மத்தியானங்களில் அவள் மூச்சு, நூல் சிக்கிய மெஷின்போலத் தடுக்கித் தடுக்கி வந்தது.

ஜெயக்கொடிக்கு நடந்தது அதற்குப் பிறகுதான். மேசைமேல் தலை சாய்த்திருந்த பூவாத்தாளின் முதுகில் தைலம் தேய்ப்பதற்காக ஜெயக்கொடி பின்பக்கமாக ஸ்டூலின் விளிம்பில் ஒண்டி உட்கார்ந்தாள். அந்த நொடியில், கிணற்றுத் தண்ணீருக்குள் எடையில்லாமல் மேலே வருகிற குடத்தைப் போல, பூவாத்தாள் தன் உடம்பு எழுவதை உணர்ந்தாள். முழங்கால்கள் நிமிர்ந்தன. இடுப்பு இரும்பை விட்டுப் பிரிந்தது. கழுத்துக் கத்திரி மேசையில் உரசிக்கொண்டு மேலே வந்தது.

“அக்கா, என்னைய இழுக்குதுக்கா,” என்றாள் ஜெயக்கொடி பின்னாலிருந்து. கத்தவில்லை. ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள்.

பூவாத்தாள் அப்படியே பின்னால் உட்கார்ந்து, தோளால் இடித்து அவளைக் கீழே தள்ளினாள். “போ அந்தப் பக்கம். இனிக் கிட்ட வராத.” ஒரு பிடி பாரம்தான் ஜெயக்கொடிக்குப் போயிருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து அவள் மாடிப்படி ஏறினால் கீழ்த்தளத்தில் நூற்கண்டுகள் நடுங்கின, செருப்பு வாரத்துக்கு ஒன்று பிய்ந்தது. ஆள் பார்க்க அப்படியே இருந்தாள்.

இப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது, விளங்கியது நிம்மதியாகவும் இருந்தது. இது புதிய விஷயமே இல்லை, பழைய வழக்கம்தான். ஸ்டூலுக்கு ஆள் வேண்டும். ஒருத்தி எழ வேண்டுமென்றால் இன்னொருத்தி உட்கார வேண்டும். பூவாத்தாள் இத்தனை வருசமாக யாரையும் அனுப்பாமல் இருந்ததால் எல்லாம் சேர்ந்துபோய்விட்டது.

“நம்ம லைன்ல இருக்கறவியெல்லாம் ஆளுக்குச் சித்தெ சித்தெ உக்கோந்து எந்திரிச்சா என்ன?” என்றாள் ஜெயக்கொடி. “எனக்கு வந்தாப்பல ஆளுக்கொரு பிடி. செத்தா போயிருவோம்?”

யாரும் தலை நிமிரவில்லை. மெஷின்கள் ஒரே சீராக ஓடின. வெகுநேரம் கழித்துக் கடைசி மெஷின்காரி நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, “வீட்டு ஆளு இருக்கைல வெளியாளு எடம் காக்கறது மொறையில்ல,” என்றாள். அதில் தப்பு இல்லை, முறை அதுதான். பிறகு எல்லோரும் மாடிப்படியைப் பார்த்தார்கள். மாலையில் குதிகால் படாமல் ஏறி வருகிறவளைப் பார்த்தார்கள்.

அவளிடம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. “தள்ளும்மா,” என்றாள் சங்கவி. பூவாத்தாள் ஸ்டூலின் இரண்டு பக்கத்தையும் கைகளால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்கென்ன கிறுக்கா? ஓட்டம் வருது.”

“ஓட்டம் கெடக்குது. நீ மூச்சு வுடற சத்தம் கேட் வரைக்கும் கேக்குது.”

“நீ உக்கோந்தா அப்பறம் ஓடமாட்டே. எப்பவும் ஓடமாட்டே. அதுக்கா நான் இத்தன நாளு உக்கோந்தேன்?”

மறைப்புச் சேலைக்கு அந்தப் பக்கம் கந்தவேல் நடக்கிற ஓசை வந்து வந்து போனது.

“ஓடிட்டு வா,” என்றாள் பூவாத்தாள் கடைசியில். “ஓடி முடிச்சுட்டு வந்து பேசு.”

“பேசறதுக்கு ஒண்ணுமில்ல. தேறுனாலும் தேறாட்டியும் அன்னைக்கு நேரா இங்கதான் வருவேன். வந்து உக்கோருவேன். நீ கையப் புடிச்சாலும் சரி, கடிச்சாலும் சரி.”

பெண் சொன்னால் செய்கிறவள். அதற்குப் பிறகு பூவாத்தாள் தைத்தது எல்லாம் அந்த ஒரு நாளை நோக்கித்தான். தானாக எழ வேண்டும் என்று பார்த்தாள். சோற்றை நிறுத்திப் பார்த்தாள், தண்ணீரை நிறுத்திப் பார்த்தாள். உட்கார்ந்த இடத்திலேயே கை வீசி, கால் மாற்றி, டாக்டர் சொன்ன நடையைக் காற்றில் நடந்து பார்த்தாள். ஸ்டூல் காலில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றை நோக்கிக் கும்பிட்டும் பார்த்தாள். ஸ்டூல் தரைக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. செத்துப்போனால் சரியாகிவிடும் என்று ஒரு மத்தியானம் தோன்றியபோது அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. பிறகு, செத்தாலும் பிணத்தை எடுக்க வீட்டு ஆள்தான் உட்கார வேண்டும் என்று சொல்வார்கள் என்று தோன்றியது. அந்த ஆறுதலும் போயிற்று.

ஓட்டத்தன்று ஜெயக்கொடி தன் கைபேசியை மெஷின் மேலேயே வைத்திருந்தாள். சோற்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது அடித்தது.

“ஓடிட்டேம்மா,” என்றது சங்கவியின் குரல், பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சலோடு. “மொதல்ல வந்துட்டேன். கடைசிச் சுத்துல காலே தெரியல. பஸ் ஏறிட்டேன். வாரேன்.”

மகள் தேறிவிட்டாள். அந்தச் சந்தோசத்தைப் பிடித்துப் பார்க்கக்கூடப் பூவாத்தாளுக்கு நேரம் இருக்கவில்லை. பஸ் பாலம் தாண்டும், சந்தைப்பேட்டை தாண்டும், கேட்டில் நிற்கும். மணி அடித்தது. பெண்கள் தூக்குப்போசிகளோடு மொட்டை மாடிக்குப் போனார்கள். இன்று பூவாத்தாளுக்குச் சோறு இறங்காது என்று ஜெயக்கொடியும் போய்விட்டாள்.

கந்தவேல் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். ஒல்லியான ஆள், சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடும்.

“என்னுங்க்கா, புள்ள ஓடிருச்சாமா?”

“ஓடிருச்சு. வந்துட்டு இருக்கறா.”

“அப்ப இன்னிக்கு எந்திரிச்சுருவீங்க.”

அவன் குனிந்து பேண்ட் காலைச் சுருட்டிக் கெண்டைக்காலைத் தேய்த்தான். தோலுக்கடியில் நரம்புகள் ஆலவேர்போல முறுக்கிக்கொண்டு, அங்கங்கே நீல முடிச்சாகப் புடைத்திருந்தன. இத்தனை வருசத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. அவன் பின்னாலேயே நடப்பவன்.

“பொழுதோட வீட்டுக்குப் போனா எம்பட சம்சாரம் காலுக்குத் தலகாணி அடுக்கி வெப்பா. அப்பவும் காலு நடந்துட்டேதான் இருக்கும். இந்த லைனுக்குள்ள நடந்த நடைக்கு ராமேஸ்வரம் போயி வந்திருக்கலாம். சூப்பர்வைசர் உக்கோந்தாத் தூங்கிப்போயிருவான்னு பெரிய மொதலாளி சொன்னாராம். அவரே போயிச் சேந்துட்டாரு, எனக்கொரு ஸ்டூல் வரல.”

“கேக்கறதுதானே.”

“எந்திரிச்சா எடம் போச்சுன்னு உங்களுக்கெல்லாம் சொல்றவன், எனக்கொரு எடம் குடுங்கன்னு யாருகிட்டப் போயிக் கேக்கறதுங்க்கா?”

வெளியே ஏதோ பஸ் நின்று கிளம்பியது. அது இல்லை. பூவாத்தாள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கந்தவேல் மறைப்புச் சேலைக்குப் பக்கத்தில் வந்தான். பள்ளிக்கூடத்துப் பையன்போல ஸ்கேலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

“சித்தெ நேரம் நான் உக்கோரட்டுமாங்க்கா?”

அவள் அவனைப் பார்த்தாள்.

“ஜெயக்கொடியப் பாத்தேன்,” என்றான் அவனே. “வந்தா வரட்டுமுங்க. காத்தடிச்சாப் பறக்கற ஆளு நானு. கொஞ்சம் கனம் வந்தாக் கெடுதியா?”

ஜெயக்கொடிக்குப் போனது ஒரு பிடி. இருப்பது எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்கிற சொல் அவள் வாயில் இருந்தது. ஜெயக்கொடியிடம் சொன்னாள், மகளிடம் சொன்னாள், தேங்காய் கொண்டுவந்தவள் தவறி முந்தானையை ஸ்டூலில் வைத்தபோதுகூடச் சொன்னாள். ஒரு சொல்தான். அதை நாக்கில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் தெரிந்தவருக்கு நகர்ந்து இடம் விடுவதைப் போல, அவள் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டாள்.

கந்தவேல் உட்கார்ந்தான். பூவாத்தாள் எழுந்தாள்.

“அப்பாடா,” என்றான் அவன். கண்ணை மூடிக்கொண்டான். அவன் முகம் அப்படிச் சந்தோசமாக இருந்து யாரும் பார்த்திருக்க முடியாது. கால்கள் இரண்டும் முன்னால் நீண்டு, நீண்ட இடத்திலேயே கிடந்தன.

பூவாத்தாள் நின்றாள். உருவம் அப்படியேதான் இருந்தது, பாரம் மட்டும் இல்லை. உடுத்தியிருந்த சேலையின் கனம் தனியாகத் தெரிந்தது. ஓரடி வைத்தாள். ஓசையே வரவில்லை. மூச்சு நெஞ்சின் அடிவரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. பின்னால் மேசை கீச்சென்று நகரும் ஓசை கேட்டது. அந்த ஓசை அவளுக்குத் தெரியும்.

“அக்கா,” என்றான் கந்தவேல்.

பெண்கள் இறங்கி வந்தார்கள். பார்த்தார்கள். நின்றுகொண்டிருக்க எல்லோருக்கும் பயமாக இருந்ததால் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மணி அடிக்க வேண்டியவன் உட்கார்ந்திருந்தான். ஜெயக்கொடி தரை அதிர நடந்துபோய் அடித்துவிட்டு வந்தாள்.

சங்கவி நெஞ்சில் குத்திய எண் துணியோடு படி ஏறி வந்தபோது அவள் அம்மா படியின் தலைமாட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். மகள் அவளைப் பார்த்தாள், அவள் தோளுக்குமேல் எட்டி உள்ளே பார்த்தாள்.

“அம்மா, அங்க ஆரு உக்கோந்திருக்கறது?”

“வா சாமி, போலாம்.”

“அவுரு ஏன் அங்க…”

“திரும்பிப் பாக்காத. நட.”

சந்தைப்பேட்டைவரைக்கும் நடந்தார்கள். பிறகு சங்கவி கேட்டாள், “நீ அவருகிட்டச் சொல்லலியா?”

“அவராத்தான் கேட்டாரு.”

“நீ சொன்னியான்னு கேட்டேன்.”

பூவாத்தாள் நடையை எட்டிப் போட்டாள். காலையில் எல்லோரையும் முந்தி ஓடிய பெண், அம்மாவை எட்டிப்பிடிக்க ஓட வேண்டியிருந்தது.

சங்கவி பயிற்சிக்குப் போய்விட்டாள். போகும்போது காலைத் தொட்டுக் கும்பிட்டாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பூவாத்தாள் வேறொரு கம்பெனியில் செக்கிங் டேபிளுக்குப் போனாள். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே தைத்த பீஸ்களில் குறை பார்க்க வேண்டும். அவள் உட்காருவதை விட்டுவிட்டாள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நின்றுகொண்டே சாப்பிட்டாள், துணி துவைத்தாள். படுப்பதற்கு முன்னால் எல்லோரும் ஒருமுறை உட்காருகிறார்கள் என்பதை மனிதர்கள் கவனிப்பதில்லை, அவள் கவனித்தாள். மாடு படுக்கிற மாதிரி முன்னங்கையை ஊன்றி, முட்டி மடக்கி, ஒரு பக்கமாகச் சரிந்து படுக்கக் கற்றுக்கொண்டாள். உருவமும் வற்றிக்கொண்டே வந்தது. பழைய டாக்டர் கடைவீதியில் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார்.

“நடந்தீங்களா? பாத்தீங்களா, நான் சொன்னேன்ல.”

“ஆமாங் சார்.”

கெண்டைக்காலில் நீலமாக ஒரு முடிச்சு புடைக்கத் தொடங்கியிருந்தது. சேலையைத் தழைய இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பழைய கம்பெனிச் செய்தியை ஜெயக்கொடி கொண்டுவருவாள். கந்தவேலுக்கு மைக் கொடுத்திருக்கிறார்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா லைனையும் மிரட்டுகிறான், உட்கார்ந்தாலும் தூங்கவில்லை என்று முதலாளிக்குத் திருப்தி. பேண்ட் பத்தாமல் வேட்டியைச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். ஆர்டர்காரர்கள் வந்தால் அதே வெள்ளைத் துணிதான். இப்போது மூச்சு வாங்குகிறது. “எந்திரிச்சா எடம் போச்சு” என்று மைக்கில் தொடங்குவான், பாதிக்குமேல் வராது. பூவாத்தாள் கேட்டுக்கொண்டே நிற்பாள். ஜெயக்கொடியும் நிற்பாள், அவள் உட்கார்ந்தால் நாற்காலி தாங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்கிற நேரத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். மெலிந்தவள். முன்னால் பார்த்ததில்லை, ஆனாலும் கந்தவேல் காலுக்குத் தலையணை அடுக்கி வைக்கிறவள் என்று பூவாத்தாளுக்குப் பார்த்ததும் தெரிந்தது.

“வாங்க,” என்றாள்.

வாசலுக்கு வந்த ஒரம்பரையை, விருந்தாளியை, வாங்க என்று சொன்னவர்கள் அடுத்த மூச்சில் சொல்ல வேண்டிய சொல் ஒன்று அந்த ஊரில் இருந்தது. அது பூவாத்தாளுக்கு வரவில்லை. வந்தவள் அதற்காகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வீட்டில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சங்கவி போன நாளிலிருந்து அது சுவரோரமாகச் சும்மா கிடந்தது.

“நாளைக்கு என்னைய வந்து எடம் காக்கச் சொல்றாங்க,” என்றாள் அந்தப் பெண். “வீட்டு ஆளுதான் உக்கோரோணுமாம். போனாத் தள்ளிவுடறாரு. பேச முடியறதில்ல, கையால தள்ளிவுடறாரு. உக்கோந்தா என்ன ஆவும்னு கேட்டா யாருஞ் சொல்லமாட்டேங்கறாங்க. உங்களுக்குத்தான் தெரியும்னாங்க.”

குழந்தை இடுப்பிலிருந்து நழுவியது. அந்தப் பெண் அதை ஏற்றி வைத்துக்கொண்டாள், மறுபடியும் நழுவியது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும். உதடு காய்ந்து போயிருந்தது.

“புள்ள கனக்குது,” என்று அவள் நாற்காலிப் பக்கமாக ஓரடி வைத்தாள். “சித்தெ உக்கோந்துக்கட்டுங்களா?”

“வேண்டாம்,” என்றாள் பூவாத்தாள்.

அந்தப் பெண் அப்படியே நின்றாள். முகம் சுருங்கிப் போயிற்று. அதற்குள் பூவாத்தாள் அவளைத் தாண்டிப் போய், நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து, மகள் ஓடிய அந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக, முதுகு சாயாமல் மெதுவாக உட்கார்ந்தாள்.

“நீங்க போவ வேண்டாம். நானே போயி உக்கோந்து, அவர வீட்டுக்கு அனுப்பி வெக்கறேன்,” என்றாள்.

மாதக்கணக்கில் யாரும் உட்காராத அந்த நாற்காலி சூடாக இருந்தது.